அனபாப்டிஸ்டு முறையில் வீட்டுக்கல்வி: புதிதாய்த் தொடங்கும் குடும்பங்களுக்கு

குழந்தை ஞானஸ்நானத்தை ஏற்காத கிறிஸ்தவப் பிரிவினரான அனபாப்டிஸ்டுகளின் வாழ்க்கையை வெளியிலிருந்து நாடி வரும் குடும்பங்களில் பல, முதலில் தைப்பதற்குத் துணி வாங்குகின்றன. அடுத்துப் பாடப்புத்தகம், அதற்கடுத்து நான்கு கோழி. சபையைத் தேடும் எண்ணம் கடைசியில்தான் வருகிறது. நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம். இரண்டு ஆண்டுகள் கழித்து எல்லாவற்றையும் முதலிலிருந்து அடுக்க நேர்ந்தது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், லங்காஸ்டர் கவுண்டியில், அவர்களுள் ஒரு கிளையான, பழமை பேணும் மெனோனைட்டுச் சபைகளைச் சேர்ந்த வீட்டுக்கல்விக் குடும்பங்களில் நாள் எப்படி நடக்கிறது, படிப்பு அதில் எங்கே பொருந்துகிறது, அரசுக்கு எதைக் காட்ட வேண்டும் என்பதையெல்லாம் செய்ய வேண்டிய வரிசைப்படியே இங்கு எழுதுகிறேன். குதிரைவண்டியையும் கறுப்புத் தொப்பியையும் எதிர்பார்த்து வாசிப்பவருக்கு இதில் அதிகம் கிடைக்காது. நான் சொல்லும் குடும்பங்கள் காரில்தான் போய் வருகின்றன.

முதற்படி: பெயரின் பொருளைத் தெரிந்துகொள்ளுங்கள்

1525 ஜனவரி 21 அன்று சூரிச் நகரில் ஒரு வீட்டில் கூடியிருந்த சிலர், குழந்தைப் பருவத்தில் பெற்ற ஞானஸ்நானம் வேதத்தின்படி செல்லாது என்று முடிவுசெய்து, தம் விசுவாசத்தை அறிக்கையிட்டு மீண்டும் ஞானஸ்நானம் பெற்றனர். கான்ராட் கிரேபல் முதலில் ஜார்ஜ் பிளாரோக்குக்குக் கொடுத்தார். எதிர்த்தவர்கள் இவர்களுக்கு வைத்த பெயர்தான் அனபாப்டிஸ்டு, அதாவது மறுஞானஸ்நானக்காரர். இவர்களுள் ஒருவரான ஃபீலிக்ஸ் மான்ஸ், இரண்டே ஆண்டுகளில், 1527 ஜனவரியில், அதே நகரின் லிம்மாட் ஆற்றில் மூழ்கடித்துக் கொல்லப்பட்டார். 1536இல் கத்தோலிக்கக் குருப்பணியைத் துறந்து இவர்களோடு சேர்ந்த மெனோ சைமன்ஸின் பெயரால் மெனோனைட்டுகளும், 1693இல் யாக்கோப் அம்மன் தலைமையில் பிரிந்தவர்கள் வழியாக ஆமிஷ் மக்களும், சொத்துகளைப் பொதுவில் வைத்து வாழும் ஹட்டரைட்டுகள் யாக்கோப் ஹுட்டர் வழியாகவும் வருகின்றனர்.

வீட்டில் கணக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க இந்த வரலாறு எதற்கு என்று கேட்கலாம். குழந்தை ஞானஸ்நானம் வழக்கமாயுள்ள சி.எஸ்.ஐ., லுத்தரன், கத்தோலிக்கச் சபைகளில் வளர்ந்தவர்களுக்கு இந்த வீடுகளின் அடிப்படை முதலில் விளங்குவதில்லை. இங்கே பிறக்கும் பிள்ளை சபையின் அங்கத்தினர் அல்ல. ஒருநாள் தானாகவே கேட்டு, தன் வாயாலேயே அறிக்கையிட்டுத்தான் அது சபைக்குள் வர வேண்டும். பெற்றோர் போதிக்கலாம், வாழ்ந்து காட்டலாம், ஜெபிக்கலாம். பிள்ளைக்காக முடிவெடுக்க முடியாது. வீட்டின் ஒழுங்கு முழுவதும் இந்த ஒரு முடிச்சில்தான் தொங்குகிறது. இதை மறந்துவிட்டு, பாடத்திட்டத்தில் வேதப்பாடத்துக்கு 40 நிமிடம் ஒதுக்கிவிட்டால் போதும் என்று நினைப்பவர் அனபாப்டிஸ்டு வீட்டை நடத்தவில்லை, வீட்டுக்குள் ஒரு சிறு பள்ளியை நடத்துகிறார்.

இரண்டாம் படி: சபை, அதன்பின் மற்றவை

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கார் வைத்திராமல் குதிரைவண்டியில் போகும் பழைய ஒழுங்கு (Old Order) ஆமிஷ் குடும்பங்களும், பழமை பேணும் மெனோனைட்டுக் குடும்பங்களில் பெரும்பகுதியும் பிள்ளைகளை வீட்டில் படிக்கவைப்பதில்லை. சபையே நடத்தும் சிறு பள்ளிகளுக்குத்தான் அனுப்புகின்றன; ஆமிஷ் பள்ளி பெரும்பாலும் ஒரே அறையில் எட்டு வகுப்புகள் நடக்கும் கட்டடமாக இருக்கும். வீட்டுக்கல்விக் குடும்பங்கள் சிறுபான்மை. எனவே நீங்கள் போகும் சபை வீட்டுக்கல்வியை ஏற்கிறதா, பொறுத்துக்கொள்கிறதா, அல்லது அங்கத்தினரின் பிள்ளைகள் எல்லாரும் சபைப் பள்ளிக்கே வர வேண்டும் என்று எதிர்பார்க்கிறதா என்பதை, வீட்டை மாற்றுவதற்கு முன்பே மூப்பரிடம் நேராகக் கேட்டுவிடுங்கள். அவர்கள் சுற்றி வளைக்காமல் பதில் சொல்லுவார்கள்.

உடை, தொலைக்காட்சி, இணையம், இசைக்கருவி ஆகியவை பற்றிச் சபையின் எழுதப்பட்ட ஒழுங்கைக் கேட்டு வாங்கி வாசியுங்கள். பெண்கள் 1 கொரிந்தியர் 11ஆம் அதிகாரத்தின்படி முக்காடு அணிவது இவர்களிடையே ஏறக்குறைய எல்லாரிடமும் உண்டு. அதன் துணியும் அளவும் மடிப்பும் சபைக்குச் சபை வேறுபடும். அதனால்தான் துணியை முதலில் வாங்க வேண்டாம் என்கிறேன். குறைந்தது ஓராண்டு சாதாரண அடக்கமான உடையில் போய் வாருங்கள். உங்கள் மனைவியின் உடையைப் பற்றி யாரும் வாய் திறக்கமாட்டார்கள். ஆனால் அவசரப்பட்டு வேறொரு சபையின் முக்காட்டை அணிந்து வந்தால், மூன்றாம் வரிசையில் இருக்கும் பாட்டிக்கு அது எந்த ஊர் முக்காடு என்று உடனே தெரிந்துவிடும்.

இன்னொன்றும் பார்க்க வேண்டும், இதைச் சொல்லப் பலர் தயங்குவார்கள். வீட்டிலேயே பள்ளி, வீட்டிலேயே வேலை, தகப்பனே தலைவன் என்று அமையும் குடும்பத்தில் தவறு நடந்தால் வெளியே தெரியாமல் போகக்கூடும். ஆகவே, உங்கள் பிள்ளைகள் உங்கள் துணையில்லாமல் பேசிப் பழகும் பெரியவர்கள் நாலைந்து பேராவது அந்தச் சபையில் இருக்கிறார்களா, மூப்பர்களே ஒருவருக்கொருவர் கணக்குக் கொடுக்கிறார்களா, சட்டப்படி காவல் துறைக்குச் சொல்ல வேண்டியதைச் சபைக்குள்ளேயே முடித்துவிடுகிறார்களா என்பதைக் கவனியுங்கள். கடைசிக் கேள்விக்கு மழுப்பலான பதில் வந்தால் அடுத்த சபையைப் பாருங்கள்.

மூன்றாம் படி: சத்தியம் செய்யாமல் ஒரு பிரமாணப் பத்திரம்

பென்சில்வேனியாவின் வீட்டுக்கல்விச் சட்டம் 1988இல் வந்தது. அமெரிக்க மாநிலங்களில் கட்டுப்பாடு மிகுந்தவற்றுள் ஒன்றாக இதைச் சொல்வார்கள். கற்பிக்கும் பெற்றோரிடம் உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழோ அதற்கு இணையானதோ இருக்க வேண்டும். தொடங்கும்போதும், பின்னர் ஆண்டுதோறும் ஆகஸ்டு 1ஆம் தேதிக்குள்ளும், நோட்டரி முன்னிலையில் கையெழுத்திட்ட பத்திரம் ஒன்றை (நோட்டரி இல்லாத உறுதிமொழி அறிக்கையும் இப்போது ஏற்கப்படுகிறது) உங்கள் பள்ளி மாவட்டத்தின் கண்காணிப்பாளருக்குக் கொடுக்க வேண்டும். பிள்ளைகளின் பெயர், வயது, முகவரி, பாடவாரியாகக் கற்பித்தல் நோக்கங்கள், தடுப்பூசி பற்றிய சான்று அல்லது விலக்கு, வீட்டிலுள்ள பெரியவர்கள் குறிப்பிட்ட குற்றங்களில் தண்டனை பெறவில்லை என்ற உறுதி ஆகியவை அதில் இருக்கும்.

இங்கேதான் புதியவர்கள் தடுமாறுவார்கள். அனபாப்டிஸ்டுகள் சத்தியம் செய்வதில்லை. 1527இல் ஷ்லைட்ஹைமில் எழுதப்பட்ட ஏழு பிரிவு அறிக்கையின் ஏழாம் பிரிவே ஆணையிடுதலைப் பற்றியதுதான். 'உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கள்' என்ற மத்தேயு 5:37 வசனத்தை இவர்கள் எழுத்துப்படி எடுத்துக்கொள்கிறார்கள். நோட்டரியோ பழக்கத்தில், வலது கையைத் தூக்கி 'சத்தியம் செய்கிறீர்களா' என்று கேட்பார். பயப்பட வேண்டாம். அமெரிக்க அரசியலமைப்பே சத்தியத்துக்குப் பக்கத்தில் உறுதிமொழியையும் மாற்றாக வைத்திருக்கிறது. 'நான் சத்தியம் செய்வதில்லை, உறுதி கூறுகிறேன்' என்று மட்டும் சொல்லுங்கள். கை தூக்கவும் தேவையில்லை. லங்காஸ்டர் வட்டாரத்து நோட்டரிகள் இதைத் தினமும் கேட்டுப் பழகியவர்கள். வேறு ஊரில் இருந்தால், போகும் முன்பே தொலைபேசியில் சொல்லிவிடுவது நல்லது. முதல் ஆண்டு நான் சொல்லாமல் போய், வரிசையில் பின்னால் நின்றவர்கள் காத்திருக்க, எனக்கே சரியாகத் தெரியாத ஒன்றை அவருக்கு விளக்கிக்கொண்டு நின்றேன்.

ஆண்டுக்கு 180 நாள் படிப்பு நடக்க வேண்டும். அல்லது தொடக்க நிலையில் 900 மணி நேரமும் உயர்நிலையில் 990 மணி நேரமும் ஆக வேண்டும். நாள்கணக்கே எளிது. சுவர் நாட்காட்டியில் பென்சிலால் ஒரு கோடு இழுத்துவிடலாம். படித்த நூல்களின் பெயர்களை அவ்வப்போதே குறித்துவைக்கும் பதிவேடும், எழுத்து வேலைகளின் மாதிரிகளும், 3, 5, 8ஆம் வகுப்புகளில் பொதுத் தேர்வு முடிவுகளும் சேர்ந்த கோப்பு ஒன்று வேண்டும். தொடக்க வகுப்புகளுக்கான பாடப் பட்டியலில் தீயின் ஆபத்தையும் தடுப்பையும் தொடர்ந்து கற்பிக்க வேண்டும் என்ற வரி தனியாகவே இருக்கிறது. விறகடுப்பு எரியும் வீடுகளில் அதற்குத் தனிப்பாடம் தேவைப்படாது. ஆனாலும் பதிவேட்டில் எழுதிவையுங்கள்.

1972இல் விஸ்கான்சின் எதிர் யோடர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பைக் காட்டி, தங்களுக்கு இந்தச் சட்டங்கள் எதுவும் பொருந்தாது என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது தவறு. எட்டாம் வகுப்புக்குமேல் பிள்ளைகளை அனுப்ப மறுத்ததற்காக ஆளுக்கு 5 டாலர் அபராதம் விதிக்கப்பட்ட மூன்று தகப்பன்மார், ஆமிஷ் வாழ்க்கைமுறையின் நீண்ட வரலாற்றைக் காட்டி வென்ற வழக்கு அது. நேற்று வந்து சேர்ந்த குடும்பம் ஆறு வயதுப் பிள்ளைக்கு அதை நீட்டிக் காட்ட முடியாது. மாநிலம் மாறினால் விதியும் மாறும்: டெக்சாசில் எந்தப் பத்திரமும் கொடுக்க வேண்டியதில்லை, கனடாவின் ஒன்டாரியோவில் ஆண்டுக்கொரு கடிதம் பள்ளி வாரியத்துக்குப் போனால் போதும். டொராண்டோவிலிருந்து செயின்ட் ஜேக்கப்ஸ் சந்தைக்குப் போய்வரும் தமிழர்கள் வழியில் பார்க்கும் குதிரைவண்டிகள் அந்த ஒன்டாரியோவின் பழைய ஒழுங்கு மெனோனைட்டுகளுடையவை.

நான்காம் படி: நாளின் எலும்புக்கூடு

காலை உணவு மேசையைச் சுற்றித்தான் நாள் கட்டப்படுகிறது. ஆறரை மணிக்கு எல்லாரும் உட்கார வேண்டும். தகப்பன் வேலைக்குப் போகும் முன் இது நடந்தாக வேண்டும் என்பதால் நேரம் அவரவர் வேலையைப் பொறுத்து மாறும். தலை குனிந்து மௌன ஜெபம். எவ்வளவு நேரம் என்று யாரும் எண்ணுவதில்லை. தகப்பன் தலையை நிமிர்த்தும்போது முடிகிறது. விருந்தினராகப் போகும் புதியவர்கள் 'ஆமென்' என்ற சொல்லுக்காகக் காத்துக் கண்ணை மூடியே இருந்துவிடுவார்கள். சுற்றிலும் கரண்டிச் சத்தம் கேட்டால் கண்ணைத் திறந்துகொள்ளுங்கள். ஆமிஷ் வீடுகளில் உணவு முடிந்தபின்பும் இன்னொரு மௌன ஜெபம் உண்டு, ஆகவே தட்டைக் கழுவ எடுத்துக்கொண்டு எழுந்துவிடாதீர்கள்.

உணவுக்குப் பின் குடும்ப ஜெபம். ஒரு பாட்டு, ஓர் அதிகாரம், முழங்காலில் ஜெபம். 20 நிமிடத்துக்குமேல் போகாமல் பார்த்துக்கொள்வது நல்லது. வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் சுற்றுவரிசையில் வசனங்களை வாசிப்பார்கள். வாசிக்கத் தெரியாத நான்கு வயதுப் பிள்ளை, பக்கத்தில் அண்ணன் மெல்லச் சொல்லச் சொல்ல, அதையே திருப்பிச் சொல்லித் தன் முறையை நிறைவேற்றும். அந்தப் பிள்ளையை விட்டுவிட்டு அடுத்தவருக்குத் தாவிவிடாதீர்கள். முதல் ஆண்டில் நான் செய்த பெரிய தவறு, இந்த நேரத்தை இன்னொரு வகுப்பாக மாற்றியதுதான்: வரைபடம், மொழியாக்க ஒப்பீடு, கேள்விபதில். மூன்று மாதத்தில் பிள்ளைகள் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். விளக்கத்தைக் குறைத்து வாசிப்பை மட்டும் வைத்தபோது, கேள்விகள் பாத்திரம் கழுவும் இடத்தில் தாமாகவே வந்தன.

எட்டேகாலுக்குள் வீட்டு வேலைகள் முடிந்து பாடம் தொடங்கும். கணக்கும் மொழியும் முன்பகலில். வரலாறு, அறிவியல், இயற்கைக் கவனிப்பு எல்லாம் மதிய உணவுக்குமுன் சேர்த்துப் பல வயதினருக்கும் ஒன்றாக. பிற்பகல் இரண்டு மணிக்குமேல் மேசையில் புத்தகம் இருக்காது. பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு மூன்று மணி நேரம் நேர்முகப் பாடம் தாராளம் என்பது என் அனுபவம். 30 பேர் உள்ள வகுப்பில் வரிசையில் நிற்கவும் அமைதிக்காகக் காத்திருக்கவும் போகும் நேரம் இங்கே மிச்சப்படுகிறது.

ஐந்தாம் படி: புத்தகங்கள்

பாடநூல் வெளியீட்டில் மூன்று பெயர்களைத்தான் திரும்பத் திரும்பக் கேட்பீர்கள். கென்டக்கியின் கிராக்கெட்டிலுள்ள ராட் அண்டு ஸ்டாஃப். வர்ஜீனியாவின் ஹாரிசன்பர்க்கிலுள்ள கிறிஸ்டியன் லைட். ஆமிஷ் மக்களின் பாத்வே வாசிப்பு நூல்கள். ராட் அண்டு ஸ்டாஃப் என்பது 23ஆம் சங்கீதத்தின் 'கோலும் தடியும்'தான். நூல்களும் அப்படியே: மினுமினுப்பான தாள் இல்லை, கோட்டுப்படங்கள் மட்டும், இலக்கணம் கடுமை. வாக்கியத்தைக் கோடு போட்டுப் பிரித்துக் காட்டும் பயிற்சி பக்கம் பக்கமாக வரும். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க வேண்டிய நூல்கள் இவை. மூன்று பிள்ளைகளுக்குமேல் இருந்தால் தாயின் முன்பகல் முழுவதும் இதற்கே போய்விடும். கிறிஸ்டியன் லைட் ஒவ்வொரு பாடத்தையும் ஆண்டுக்குப் பத்துச் சிறு நூல்களாகப் பிரித்திருக்கிறது. வாசிக்கத் தெரிந்த பிள்ளை பெருமளவு தானே செய்துகொண்டு போகும். இலக்கணத்தை முதலாமதிலும் கணக்கை இரண்டாவதிலும் வைத்துக்கொள்ளும் வீடுகள் பல உண்டு, எங்களுடையதும் அதில் ஒன்று. பாத்வே நூல்கள் பண்ணையில் வளரும் பிள்ளைகளின் கதைகள். நகரத்துப் பிள்ளைகூட மாடு கன்று போடும் கதையை விடாமல் வாசிக்கும்.

அறிவியலிலும் வரலாற்றிலும் இந்த நூல்கள் போதாத இடங்கள் உண்டு. நூலகத்திலிருந்து நிரப்பிக்கொள்ளுங்கள். அடிமை முறையை எதிர்த்து 1688இலேயே ஜெர்மன்டவுனில் எழுதப்பட்ட முறையீட்டைப் பென்சில்வேனியா வரலாற்றோடு சேர்த்துச் சொல்லிக்கொடுக்கலாம். அந்த ஊரில் 1683இல் குடியேறிய குவேக்கர், மெனோனைட்டுக் குடும்பங்களிலிருந்துதான் இங்குள்ள சபைகளின் கதையும் தொடங்குகிறது.

ஆறாம் படி: பாட்டு

இதைக் கடைசிக்குத் தள்ளிவிடாதீர்கள். பழமை பேணும் சபைகளில் ஆராதனையின்போது இசைக்கருவி இல்லை. உயர்ந்ததிலிருந்து தாழ்ந்தது வரை சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பாஸ் என்று நான்கு குரல்கள் சபை முழுவதிலிருந்தும் எழும். உங்கள் குடும்பம் மட்டும் ஒரே சுரவரிசையைப் பாடிக்கொண்டு நிற்பது முதல் ஞாயிறே தெரிந்துவிடும். கற்றுக்கொள்வது நினைப்பதைவிட எளிது, ஏனென்றால் இவர்களுடைய பாட்டுப் புத்தகங்கள் பலவற்றில் சுரங்களுக்கு வடிவம் உண்டு. டோ முக்கோணம், ரே கிண்ணம், மி வைரம், ஃபா செங்கோண முக்கோணம், சோல் வட்டம், லா சதுரம், டி கூம்பு. கோட்டில் எந்த இடத்தில் இருந்தாலும் முக்கோணம் என்றால் டோ. கர்நாடக இசை பழகிய காதுக்கு இதை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: ஆதார சட்ஜத்தை எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், ச ரி க ம அதைப் பின்தொடரும். வர்ஜீனியாவின் சிங்கர்ஸ் கிளென்னில் வாழ்ந்து, 1832இல் ஆங்கிலப் பாட்டு நூல் ஒன்றை வெளியிட்ட ஜோசப் ஃபங்க் என்ற மெனோனைட்டு ஆசிரியர், 1851இல் ஏழு வடிவ முறைக்கு மாறினார்.

தினமும் குடும்ப ஜெபத்தில் ஒரே பாட்டை ஒரு வாரம் பாடுங்கள். திங்களன்று வடிவங்களின் பெயரை மட்டும் சொல்லிப் பாடுங்கள், செவ்வாயன்று சொற்களோடு சோப்ரானோவை மட்டும், புதனன்று தகப்பன் பாஸை எடுத்துக்கொள்ளட்டும். வெள்ளிக்குள் இரண்டு குரலாவது நிற்கும். ஒரு சிறு சுருதிக் குழல் வாங்கிக்கொள்ளுங்கள். ஓராண்டு முடிவில் ஏறக்குறைய 40 பாட்டுகள் பிள்ளைகளின் வாயில் இருக்கும். படிப்புப் பதிவேட்டில் 'இசை' என்ற இடமும் தானாக நிரம்பும். ஆமிஷ் சபையில் பாடும் முறை வேறு. அவர்களுடைய ஆவுஸ்பண்டு நூலின் மையப் பாட்டுகள் 1535க்கும் 1540க்கும் இடையில் பாஸாவ் கோட்டைச் சிறையில் கிடந்தவர்கள் எழுதியவை. அதில் மெட்டு அச்சிடப்படவே இல்லை, ஒரே குரலில், மிக மெதுவாக, தலைமுறை தலைமுறையாகக் காதுவழி வந்தது.

ஏழாம் படி: வேலையும் ஜாடிகளும்

வேலையைப் பாடத்திலிருந்து பிரித்துப் பார்க்க வேண்டாம். ஆகஸ்டு, செப்டம்பரில் தக்காளி, பீச், ஆப்பிள் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். இவற்றை ஜாடியில் அடைத்துப் பதப்படுத்துவதைக் கேனிங் என்பார்கள். முதன்முறை தனியாகச் செய்யாதீர்கள், சபையில் ஓர் அம்மாவிடம் ஒரு நாள் கூட நின்று செய்யுங்கள். நசுக்கிய தக்காளிக்கு முறை இது. ஒரு குவார்ட் ஜாடி, ஏறத்தாழ ஒரு லிட்டர் கொள்ளும். அதில் முதலில் இரண்டு மேசைக்கரண்டி புட்டி எலுமிச்சைச் சாறு ஊற்ற வேண்டும். தக்காளியின் புளிப்பு மட்டும் பாதுகாப்புக்குப் போதாது என்பதால் இதை விடவே கூடாது. கொதிக்கும் தக்காளியை விளிம்புக்கு அரை அங்குலம் கீழே வரை நிரப்பி, குமிழிகளை வெளியேற்றி, விளிம்பை ஈரத்துணியால் துடைத்து, மூடியை வைத்து, வளையத்தை விரல் நுனி வலுவில் மட்டும் திருகி, ஜாடி முழுவதும் மூழ்கும் கொதிநீரில் 45 நிமிடம் வைக்க வேண்டும். மலைப்பகுதியில் இருந்தால் நேரம் கூடும். எடுத்துத் துண்டின்மேல் வைத்தபின், ஆற ஆற, மூடிகள் ஒவ்வொன்றாக 'டிக்' என்று உள்வாங்கும் சத்தத்தைப் பிள்ளைகள் எண்ணுவார்கள். முதலாண்டு எங்கள் 14 ஜாடிகளில் ஒன்பதுதான் சத்தமிட்டன. விளிம்பைத் துடைக்கும் வேலையை ஏழு வயதுப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு நான் பார்க்கவில்லை. மறுநாள் காலை மூடியின் நடுவை அழுத்திப் பார்த்து, அமுங்கியவற்றை அன்றே குளிர்பெட்டியில் வைத்துச் சாப்பிட்டு முடித்தோம். பீன்ஸ், சோளம், இறைச்சி ஆகியவற்றுக்குக் கொதிநீர் போதாது. அழுத்தக் கேனர், அதாவது அழுத்தத்தில் சூடாக்கும் பெரிய பாத்திரம், கட்டாயம். இதில் மட்டும் யாருடைய பாட்டி எப்படிச் செய்தார் என்ற கதையைக் கேட்காதீர்கள்.

கணக்கு, வேதியியல், கைவேலை மூன்றும் அந்த ஒரு நாளில் இருக்கின்றன; நாட்காட்டியில் கோடு போடலாம். மெனோனைட்டு மத்தியக் குழுவின் இறைச்சிக் கேனிங் வண்டி வட்டாரத்துக்கு வரும்போது பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள். 1920இல் பசியால் வாடிய ரஷ்ய, உக்ரைன் மக்களுக்கு உதவத் தொடங்கிய அமைப்பு அது. டப்பாக்களுக்கு ஒட்டுத்தாள் ஒட்டுவதைச் சிறுவர்களும் செய்யலாம்.

எட்டாம் படி: ஞாயிறும் பந்தியும்

சனிக்கிழமை மாலைக்குள் சமையலும் சலவையும் முடிந்துவிட வேண்டும், ஞாயிறு மதியம் விருந்தினர் வருவார்கள் அல்லது நீங்கள் போவீர்கள். அழைக்காமலே ஆறு பேர் வந்தாலும் சோறு போதும் அளவுக்குச் சமைத்துவைக்கும் பழக்கம் இங்கே உண்டு. அப்பமும் திராட்சைரசமும் பகிரும் கர்த்தருடைய பந்தி வழக்கமாக ஆண்டுக்கு இரண்டு முறை. அதற்கு முன்னால் ஆயத்தக் கூட்டம் ஒன்று நடக்கும். யாரிடமாவது மனத்தாங்கல் இருந்தால் அதற்குள் தீர்த்துக்கொள்ள வேண்டும். வீட்டுக்கல்விக் குடும்பத்தில் இந்த நாட்கள் கனமானவை. நாள் முழுவதும் பிள்ளைகளோடு இருக்கும் தாய் தகப்பனுக்குத்தான் கோபப்படும் வாய்ப்பும் அதிகம். ஆகவே பெற்றோர் பிள்ளைகளை ஒவ்வொருவராக அழைத்து, இன்ன நாள் இன்ன இடத்தில் உன்மேல் சத்தம் போட்டேன், அது தவறு, மன்னித்துவிடு என்று கேட்பார்கள். பொதுவாக 'ஏதாவது தவறு செய்திருந்தால்' என்று கேட்பது கணக்கில் வராது. என் ஒன்பது வயதுப் பிள்ளையே அதை என்னிடம் சொல்லியிருக்கிறது. பந்திக்குப் பின் யோவான் 13இன்படி கால் கழுவுதல்: ஆண்கள் ஒருபுறம், பெண்கள் ஒருபுறம், இருவர் இருவராக, ஒரு பேசின் தண்ணீரும் துண்டும். காலுறையை எளிதில் கழற்றும்படி உடுத்திப் போங்கள்.

ஒன்பதாம் படி: கேட்கும் நாள் வரை

மாலைகளில் பிள்ளைகளுக்குச் சொல்லப்படும் கதைகளில் டிர்க் வில்லம்ஸ் கதை கட்டாயம் இருக்கும். 1569இல் நெதர்லாந்தின் ஆஸ்பெரனில் சிறையிலிருந்து தப்பி மெல்லிய பனிக்கட்டியின்மேல் ஓடியவர், துரத்தி வந்தவன் பனி உடைந்து நீரில் விழுந்ததும் திரும்பிப் போய் அவனைக் கரைசேர்த்தார், பிடிபட்டார், எரிக்கப்பட்டார். ஆறு வயதுக்குக் கரையேற்றியதோடு நிறுத்திக்கொள்ளலாம். பன்னிரண்டு வயதுக்கு முழுவதும் சொல்லலாம். அப்போது 'நீங்களாக இருந்தால் திரும்பிப் போவீர்களா' என்று பிள்ளை கேட்டால், தெரியாது என்று உண்மையைச் சொல்லுங்கள்.

ஞானஸ்நானம் எப்போது என்று பிள்ளையை நெருக்காதீர்கள். மெனோனைட்டுச் சபைகளில் பலர் பதின்வயதில் கேட்கிறார்கள். ஆமிஷ் இளைஞர்கள் பெரும்பாலும் பதினெட்டுக்குப் பின். கேட்டவுடன் மூப்பர்கள் 1632ஆம் ஆண்டின் டார்ட்ரெக்ட் விசுவாச அறிக்கையின் 18 பிரிவுகளை வாரம் வாரமாகப் போதிப்பார்கள். அந்த வகுப்பில் பெற்றோர் இருப்பதில்லை.

மே மாதக் கடைசியில் 180ஆவது கோடு விழுந்ததும் மதிப்பீட்டாளரை அழைக்க வேண்டும். சான்றிதழ் பெற்ற ஆசிரியரோ, தனியார் பள்ளி ஆசிரியரோ, உரிமம் பெற்ற உளவியலாளரோ இதைச் செய்யலாம். அவர் கோப்பைப் பார்ப்பார், பிள்ளையோடு பேசுவார். கோப்பை அலங்கரிக்க ஓரிரவு முழுவதும் விழித்திருக்கத் தேவையில்லை. பதிவேடு அன்றன்றைக்கு எழுதப்பட்டிருந்தால் போதும். எங்கள் மகளிடம் இந்த ஆண்டு எதை நன்றாகக் கற்றாய் என்று கேட்டபோது, அவள் பின்னங்களைச் சொல்வாள் என்று நான் காத்திருந்தேன். அவள் ஆல்டோ என்றாள், கேட்கப்படாமலே பாடியும் காட்டினாள். மதிப்பீட்டாளரின் சான்று ஜூன் 30க்குள் கண்காணிப்பாளருக்குப் போய்ச் சேர வேண்டும். நகல் ஒன்றை எடுத்துவைத்துக்கொண்டு அனுப்புங்கள். ஆகஸ்டுப் பத்திரத்துக்கு நோட்டரியிடம் நேரம் கேட்டு அப்போதே குறித்துவைத்துவிட்டால், பீச் பழங்கள் வரும் வாரத்தில் ஓட வேண்டியிருக்காது.